விடியலைத் தோளில் ஏற்றுகிறவர்கள்

சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு நல்லதண்ணி பஸ் தரிப்பிடத்தில் இறங்கிப் பாருங்கள். மலைநாட்டின் மற்ற ஊர்கள் கதவைச் சாத்திக் கம்பளிக்குள் புகுந்துகொள்கிற அந்த நேரத்தில்தான் இந்த ஊருக்குப் பொழுது விடிகிறது. ஒரு பக்கம் தகட்டில் கொத்து ரொட்டி போடுகிற தாளம். இன்னொரு பக்கம் குல்லாவும் கையுறையும் விற்கிறவர்கள் தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிக் கூவுகிறார்கள். நடுவே தொதலும் மஸ்கட்டும் பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று அடுக்கடுக்காக மின்னுகின்றன. இவற்றுக்கெல்லாம் மேலே, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தால், இருட்டில் ஒற்றை வரிசையாக விளக்குகள் ஏறிக்கொண்டே போகின்றன. அந்த வரிசை முடிகிற இடம்தான் சிவனொளிபாதமலையின் உச்சி. விடிவதற்குள் நாம் போய் நிற்க வேண்டிய இடம் அது! வயிற்றுக்குள் குறுகுறுக்கிறது, சிரிப்பு வருகிறது, இப்போதே ஓடிப் போய் ஏறிவிடலாம் என்றிருக்கிறது.

ஏறலாம். அதற்கு முன் கொஞ்சம் கொல்லைப்புறம் போய்ப் பார்ப்போம். உச்சியில் நின்று எடுத்த உதயப் படங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தச் சில நிமிடங்களுக்காக ஒரு மலை முழுவதும் இரவு பூராவும் கண் விழித்து வேலை செய்கிறதே, அதை யாரும் அவ்வளவாகப் படம் எடுப்பதில்லை. எனக்குப் பித்துப் பிடிக்க வைத்தது அதுதான். சூரியன் எப்படியும் வந்துவிடும். நாம் அதற்கு முன்னால் மேலே போய், குளிரில் விறைக்காமல், பசியில் சோராமல், வழி தவறாமல் நிற்பதற்குப் பின்னால் எத்தனை கைகள் இருக்கின்றன தெரியுமா?

மலையைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். உயரம் 2,243 மீற்றர். இலங்கையின் மிக உயர்ந்த சிகரம் இதுவல்ல. அந்தப் பெயர் பீதுருதாலகாலைக்கு. ஆனாலும் சுற்றியுள்ள குன்றுகளிலிருந்து தனித்துக் கூம்பி நிற்பதால் கண் முதலில் போய் விழுவது இதன்மேல்தான். உச்சிப் பாறையில் இருக்கும் பாதச் சுவடு சைவருக்குச் சிவனுடையது, பௌத்தருக்குப் புத்தருடையது, முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் ஆதாமுடையது. கிறிஸ்தவர்களில் சிலர் புனித தோமாவின் பாதம் என்றும் சொல்வார்கள். நான்கு மதத்தாரும் ஒரே படிவரிசையில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறுகிற இன்னோர் இடத்தை நான் பார்த்ததில்லை.

யாத்திரைக் காலம் டிசம்பரில் வரும் உந்துவப் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் போயாவில் முடிகிறது. இதற்கு வானிலைக் காரணமும் உண்டு. மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்குப் பருவக்காற்று இந்தச் சரிவில் நேரே வந்து மோதுகிறது. மழையும் காற்றும் முகிலுமாக மலை மூடிக்கொள்ளும். பாதை விளக்குகள் அணைந்துவிடும், கடைக்காரர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். டிசம்பரில் எல்லாம் புதிதாகத் தொடங்கும். அந்தத் தொடக்கமே ஒரு சுமைப் பயணம்தான்! பெல்மதுளைக்கு அருகே கல்பொத்தாவல ஸ்ரீபாத ரஜமகா விகாரையில் மற்ற மாதங்களில் வைத்திருக்கும், இந்த மலையின் காவல் தெய்வமான சமனின் திருவுருவையும் புனிதப் பேழையையும் ஊர்வலமாகக் கொண்டுவந்து, படிகள் வழியே மனிதர்கள் சுமந்தே உச்சிக்கு ஏற்றுகிறார்கள். வெசாக் முடிந்ததும் அதே மாதிரி இறக்குகிறார்கள். இந்த மலையில் தெய்வமும் ஆள் சுமந்துதான் மேலே போக வேண்டும் என்று நினைத்தபோது எனக்குப் புல்லரித்தது.

இனிக் கடைகளின் பின்பக்கம்.

நல்லதண்ணியிலிருந்து உச்சி வரை ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். அந்த வழியெங்கும் தகரக் கூரைத் தேநீர்க் கடைகள். முன்னால் நின்று பார்த்தால் ஒரு வாங்கு, ஒரு கண்ணாடி அலுமாரி, ஒரு கேத்தல். “குளிர்ல நிக்காதீங்க தங்கச்சி, உள்ள வாங்க, அடுப்புக்கிட்ட வாங்க” என்று ஓர் அக்கா கூப்பிட, உள்ளே போனேன். அப்பப்பா! முன்பக்கம் பார்த்த கடை வெறும் நெற்றிதான். பின்னால் ஒரு முழு வீடு இருக்கிறது. மா மூட்டை, சீனி மூட்டை, உருளைக்கிழங்கு, தேங்காய்க் குவியல், வாழைக்குலை, எரிவாயு உருளை, தண்ணீர்ப் பீப்பாய், மூலையில் பாய் விரித்து முறை வைத்துத் தூங்கும் பிள்ளைகள். மாமா மா பிசைகிறார், மச்சான் ரொட்டி தட்டுகிறார், அக்கா சாயத்தண்ணி ஊற்றுகிறார். கித்துள் கருப்பட்டித் துண்டைக் கையில் வைத்துக் கடித்துக்கொண்டு சாயத்தண்ணியை உறிஞ்சினால் உள்ளங்கால் வரை சூடு இறங்குகிறது. இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்கள். அதன் காரம் இன்னும் தொண்டையில் இருக்கிறது என்றே சொல்வேன்.

“இவ்வளவும் எப்படி அக்கா மேலே வந்தது?”

“எப்படி வரும்? தோள்லதான்.”

அவர் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கேத்தலைப் பார்க்கப் போய்விட்டார். எனக்குத்தான் ஏறிக்கொண்டிருந்த படிகள் எல்லாம் சட்டென்று வேறு படிகளாகத் தெரிய ஆரம்பித்தன. இந்தப் பாதையில் வண்டி ஏறாது. ஒவ்வொரு தேங்காயும், ஒவ்வொரு சீனி மணியும், கூரைத் தகரமும், உச்சியிலிருக்கும் கட்டடங்களின் சீமெந்தும் மனிதத் தோளிலும் தலையிலும் ஏறி வந்தவை. சுமப்பவர்களில் பலர் சுற்றுவட்டத் தோட்டங்களையும் கிராமங்களையும் சேர்ந்தவர்கள். எடைக்கு ஏற்ற கூலி. நெற்றியில் சாக்கை மடித்துக் கட்டி, அதன்மேல் பாரத்தைச் சாய்த்து, முதுகை வளைத்து, படிக்குப் படி மூச்சை அளந்து விட்டுக்கொண்டு ஏறுகிறார்கள். வெறுங்கையோடு போகிற நாம் ஐம்பது படிக்கு ஒரு தடவை உட்கார்ந்து சித்தாலேப தடவிக்கொள்ளும்போது, எரிவாயு உருளையைத் தோளில் வைத்துக்கொண்டு ஓர் அண்ணன் நம்மைத் தாண்டிப் போகிறார். போகிற போக்கில் “மெல்ல வாங்க, அவசரம் இல்ல” என்று நமக்கு ஆறுதல் வேறு!

மேலே ஏற ஏறத் தேநீரின் விலை ஏறுவதை எல்லோரும் கவனிப்பார்கள். சிலர் முணுமுணுக்கவும் செய்வார்கள். அந்த வித்தியாசம் முழுவதும் படிகளின் கணக்கு. கீழே வாங்கிய சீனிக்கும் மேலே கரைந்த சீனிக்கும் நடுவில் ஒருவருடைய முழங்கால் இருக்கிறது. நான் அந்தப் பணத்தை மனம் நிறைந்துதான் கொடுத்தேன்.

இதில் என்னைத் துள்ள வைத்த ஒரு செய்தி உண்டு. 1344ஆம் ஆண்டில் மொரோக்கோ பயணி இப்னு பதூதா இந்த மலையில் ஏறினார். அவரை அனுப்பிவைத்தவர் யார்? யாழ்ப்பாணத்தின் ஆரியச்சக்கரவர்த்தி! இலங்கையின் மேற்குக் கரையில் வந்திறங்கிய அவரை வரவேற்ற மன்னர், பாதமலையைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையைக் கேட்டதும் ஒரு பல்லக்கையும் துணையையும் கொடுத்தார். ஆண்டுதோறும் இங்கே யாத்திரை வருகிற யோகிகள் நான்கு பேர், அந்தணர் மூன்று பேர், அரசவையாட்கள் பத்துப் பேர், உணவுப் பொருள் சுமக்கப் பதினைந்து பேர். பட்டியலை இன்னொரு தரம் படியுங்கள். இதில் பெருந்தொகை சுமப்பவர்கள்தான். வழிகாட்டியும் பூசகரும் அரசவையாட்களும் அந்தப் பதினைந்து தோள்களை நம்பித்தான் ஏறியிருக்கிறார்கள். பாறையில் பிடித்தேறுவதற்கு இரும்புச் சங்கிலிகள் இருந்ததையும் அவர் எழுதியிருக்கிறார். இன்றைய இரும்புக் கைப்பிடிகளைப் பற்றி ஏறும்போது அந்தச் சங்கிலிகள் நினைவுக்கு வராமல் இருக்காது. அட்டைகளைப் பற்றியும், அவற்றை விரட்ட எலுமிச்சம்பழம் வைத்திருப்பதைப் பற்றியும்கூட அவர் குறித்திருக்கிறார். ஏறக்குறைய எழுநூறு வருடம் ஆகிறது, அட்டைகள் இன்னும் அதே உற்சாகத்தோடு இருக்கின்றன!

இன்னும் பழைய கணக்கு ஒன்றும் உண்டு. பதினோராம் நூற்றாண்டில் முதலாம் விஜயபாகு மன்னர் யாத்திரிகர் படும் பாட்டைப் பார்த்து, அவர்களுக்கு வேண்டியதைக் கொடுப்பதற்காகக் கிலிமலைக் கிராமத்தை விட்டுக்கொடுத்ததாக மகாவம்சம் சொல்கிறது. ஏறுகிறவருக்குச் சோறு போடுவது இங்கே அவ்வளவு பழைய வேலை. அடுப்படியில் நின்ற அந்த அக்கா அரசர் காலத்து வரிசையில் நிற்கிறார்.

இரவு பன்னிரண்டு தாண்டியதும் பாதையின் முகம் மாறுகிறது. ஹட்டனிலிருந்து கடைசி பஸ்களில் வந்தவர்கள், கொழும்பிலிருந்து குடும்பத்தோடு வானில் வந்தவர்கள், மட்டக்களப்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த கல்லூரிப் பிள்ளைகள், தடி ஊன்றிய பாட்டிமார், தோளில் குழந்தையைத் தூக்கிய தகப்பன்மார், கையில் நீண்ட கமராவோடு வெளிநாட்டார். முதன்முதலாக ஏறுகிறவர்களைச் சிங்களத்தில் ‘கோடு’ என்பார்கள். அவர்களுக்குத் தனிக் கவனிப்பு உண்டு. சீத கங்குல ஓடையில் முகம் கை கால் கழுவிக்கொள்ள வேண்டும், தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொள்ள வேண்டும். மேலே ஓரிடத்தில் ஊசியில் நூல் கோத்துப் பாதையோரம் இழுத்துக்கொண்டே போக வேண்டும். புத்தர் தம் சீவரத்தைத் தைத்துக்கொண்ட இடம் என்பது நம்பிக்கை. அந்த வளைவில் ஆயிரக்கணக்கான வெள்ளை நூல்கள் விளக்கொளியில் மின்னி, ஒரு பக்கத்துச் செடிகளையே மூடிவிட்டிருக்கின்றன. நானும் ஒரு நூலை இழுத்துக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் போன ஒரு சின்னப் பெண் தன் நூலை அறுந்துவிடாமல் காப்பதற்குப் பட்ட பாடு இருக்கிறதே, அந்த முகத்தை மறக்க மாட்டேன்.

இறங்குகிறவர்கள் ஏறுகிறவர்களைப் பார்த்து “கருணாவயி” என்று சொல்லிப் போகிறார்கள். முன்பின் தெரியாத மனிதர் நமக்குக் கருணை கிடைக்கட்டும் என்று இருட்டில் வாழ்த்துகிறார். பதிலுக்கு நாமும் சொல்கிறோம். மொழி தெரியாத வெளிநாட்டுப் பையன் ஒருவன் அதை ஒவ்வொருவருக்கும் தன் உச்சரிப்பில் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தான். ஏறிக்கொண்டிருந்த கூட்டம் முழுவதும் அவனுக்காகக் காத்திருந்து பதில் சொன்னது!

பிறகு மகாகிரிதம்ப. கடைசி ஏற்றம். படிகள் செங்குத்தாக நிமிர்கின்றன, கைப்பிடிகள் இரு பக்கமும் நெருங்குகின்றன, கூட்டம் இறுகிவிடுகிறது. வார இறுதியில் இங்கே நடை என்பதே கிடையாது. ஒரு படி ஏறி, நின்று, மூச்சு வாங்கி, இன்னொரு படி. பொலிஸார் கயிறு பிடித்து ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார்கள். முதலுதவித் தொண்டர்கள் கால் பிடித்துக்கொண்டவரை ஓரமாக உட்காரவைத்துத் தேய்த்துவிடுகிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் இது விடிய விடிய வேலை, பலருக்கு உதயத்தைத் திரும்பிப் பார்க்கக்கூட நேரம் இருக்காது. ஒன்று சொல்லிவைக்கிறேன். கூட்டத்தில் சிக்கி உச்சிக்குப் போகாமல் நின்றுவிட்டாலும் பதற வேண்டாம். நல்லதண்ணிப் பாதை வடகிழக்குப் பக்கமாக ஏறுகிறது. படியில் நின்றபடியே உதயம் தெரியும். தவறிப்போவது நிழல் மட்டும். அந்த நிழல் கதைக்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன்.

உச்சியில் செருப்பைக் கழற்றியாக வேண்டும். வெறுங்கால் கல்லில் படும்போது குளிர் மண்டைக்கு ஏறுகிறது, பற்கள் தானாகத் தாளம் போடுகின்றன. சிறிய இடம், நூற்றுக்கணக்கானோர் சுவரோரம் ஒடுங்கிப் போர்வைக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். பாதச் சுவட்டை வணங்கி வந்து, எத்தனை முறை ஏறியிருக்கிறார்களோ அத்தனை முறை மணியை அடிக்கிறார்கள். ஒரு பாட்டி அடிக்க அடிக்கப் பின்னால் நின்றவர்கள் எண்ணத் தொடங்கினார்கள். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போக, இளசுகள் ஆரவாரம் செய்ய, பாட்டி வெட்கப்பட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே இன்னொரு தரம் ஏறலாம்!

பொழுது வெளுக்கிற வேளையில் ஹேவிசி மேளமும் ஹொரணையும் முழங்குகின்றன. காலைப் பூசைக்குரியவை வருகின்றன. கிழக்கே முகில் மெத்தைக்கு மேல் ஒரு கோடு செம்மஞ்சளாகிறது. ஆறேகால் அளவில், அந்தக் கோட்டில் ஒரு புள்ளி பழுத்து, துளித் துளியாகப் பெருத்து, சட்டென்று எழும்புகிறது. “சாது, சாது” என்று ஒரு பக்கம், “அரோகரா” என்று மறுபக்கம், கைதட்டல், கண்ணீர், கமராச் சத்தம். பக்கத்தில் நின்ற முகம் தெரியாத ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

எல்லோரும் கிழக்கே மயங்கி நிற்கும்போது கடைக்காரப் பையன்களும் பழகிய யாத்திரிகர்களும் மட்டும் மெல்ல நழுவி மேற்குப் பக்கம் போவார்கள். அவர்கள் பின்னாலேயே ஓடுங்கள்! மேற்கே, காலைப் பனியின்மேல், மலையின் நிழல் ஒரு மாபெரும் முக்கோணமாக விழுந்திருக்கிறது. விளிம்புகள் கத்தியால் வெட்டின கூர்மையில் இருக்கின்றன. நுனி தொடுவானம் வரை நீள்கிறது. பனி நகர்ந்து எழும்பும்போது அந்த நிழல் தரையை விட்டு எழுந்து நம் முன்னால் நிமிர்ந்து நிற்கிறது. அதைப் பார்த்து நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

இதன் இரகசியத்தை அறிந்தபோது சந்தோஷம் இரட்டிப்பாயிற்று. மலை கூம்பாக இருப்பதால் நிழலும் முக்கோணம் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் மலை எந்த வடிவில் இருந்தாலும் உச்சியில் நின்று பார்ப்பவருக்கு அதன் உதய நிழல் முக்கோணமாகவே தெரியும். தாழ்வான சூரியன் நிழலை மிக நீளமாக இழுத்துவிடுகிறது. அந்த நீளத்தின் இரு விளிம்புகளும், தண்டவாளத்தின் நடுவில் நின்று பார்க்கும்போது இரண்டு கம்பிகளும் தூரத்தில் ஒன்று சேர்வதுபோல, கண்ணுக்கு ஒரு புள்ளியில் கூடிவிடுகின்றன. நிழல் எழுந்து நிற்பதற்குக் காரணம் நமக்கு எதிரே மிதந்து வரும் பனி. அதுவே திரையாகிறது. ரால்ஃப் அபர்க்ராம்பி என்ற பிரித்தானிய வானிலை ஆய்வாளர் 1880களில் இந்த உச்சிக்கே வந்து இந்த நிழலைக் கவனித்து ஒரு கட்டுரை எழுதினார். சூரியன் ஏற ஏற நிழல் குறுகும். கால் மணி, இருபது நிமிடத்துக்குள் மலையடிக்குள் சுருண்டுவிடும். கிழக்கே மட்டும் பார்த்துவிட்டு இறங்குகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்களே என்று எனக்கு மனம் அடித்துக்கொள்கிறது.

இறங்கும்போதுதான் இரவு மறைத்து வைத்திருந்ததெல்லாம் தெரிகிறது. பச்சைப் படிக்கட்டாகத் தேயிலை, தூரத்தில் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம், சுற்றிலும் அடர்ந்த காடு. இந்தக் காட்டுப் பகுதி 2010 முதல் மத்திய மலைநாட்டின் ஒரு பாகமாக யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இருக்கிறது. களனி கங்கையும் களு கங்கையும் பிறப்பது இந்தப் பக்கத்து மலைகளில்தான். கொழும்பில் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீரில் பெரும்பகுதி களனி கங்கையுடையது. அத்தகைய இடத்தில் நூல் மின்னிய வளைவுக்குக் கீழே, செடிகளுக்கு நடுவில், பிஸ்கட் உறைகளும் தண்ணீர்ப் போத்தல்களும் கிடந்தன. தொண்டர்கள் சாக்கோடு இறங்கிப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நிறைந்த சாக்கை அவர்களும் தோளில்தான் தூக்கிப் போக வேண்டும். அதைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. இத்தனை அழகையும் நமக்காகச் சுமந்து ஏற்றுகிறவர்கள் இருக்கும்போது, நம் குப்பையையும் சேர்த்து அவர்கள் சுமக்க வேண்டுமா?

எதிரே சுமைகாரர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஞாயிறு காலை, இரவில் தீர்ந்த மாவும் சீனியும் அடுத்த இரவுக்கு மேலே போக வேண்டும். அதே அக்காவின் கடை வாசலில் புது மூட்டை இறங்கியது. அவர் தூங்காத கண்ணோடு சிரித்து, “பார்த்தீங்களா? நல்லா வந்திச்சா சூரியன்?” என்று கேட்டார். அவரே செய்து அனுப்பிய பலகாரத்தைப் பற்றி விசாரிக்கிற அக்கறை அந்தக் குரலில்.

நீங்களும் போங்கள். முடிந்தால் வார நாளில், போயா இல்லாத இரவில் போங்கள். இரண்டு மணிக்கு ஏறத் தொடங்கினால் நிதானமாக உச்சியைத் தொடலாம். கம்பளியும் டோர்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் போத்தலை வீட்டில் வைத்துவிடுங்கள், எதைக் கொண்டுபோனாலும் அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள். மேலே உள்ள கடையில் ஒரு சாயத்தண்ணி வாங்கிக் குடியுங்கள், விலை பேசாதீர்கள். பின்னாலிருந்து “வழி, வழி” என்று குரல் கேட்டால், தயவுசெய்து உடனே படியின் ஓரத்துக்கு ஒதுங்கி நின்று, சுமையோடு வருகிறவரை முதலில் போக விடுங்கள்.